பத்து நாளும் பதினான்கு வருடமும்

இரத்தோட்டையைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவில் படிக்க வரும் பிள்ளைகளுக்கு,

போன வாரம் வகுப்பறைச் சுவரில் நீங்கள் ஒட்டியிருந்த தாளை நின்று வாசித்தேன். இடப்பக்கம் செவ்வாயில் ஓடிய ஒப்பர்ச்சூனிட்டியின் படம். கீழே ‘14 வருடம், 45 கிலோமீட்டர்’. வலப்பக்கம் நிலவில் ஓடிய பிரக்யான். கீழே ‘10 நாள், 100 மீட்டர்’. நடுவில் சிவப்பு மையில் ‘வென்றது யார்?’ என்று எழுதியிருந்தீர்கள். எண்கள் எல்லாம் சரி. தேடிப் படித்திருக்கிறீர்கள், சந்தோசம். ஆனால் அந்தக் கேள்வி என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. வகுப்பில் பதில் சொல்லத் தொடங்கினேன், அதற்குள் மணி அடித்துவிட்டது. சொல்ல வேண்டியது நிறைய இருப்பதால் எழுதுகிறேன். பக்கத்துப் பாடசாலைப் பிள்ளைகளும் வாசிக்கட்டும் என்றுதான் இதைத் திறந்த மடலாக வைக்கிறேன்.

2023 ஆகஸ்ட் 23ஐ நினைத்துப் பாருங்கள். தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட மலையக மக்களின் நடைபயணம் மாத்தளைக்கு வந்து முடிந்து பதினொரு நாள்தான் ஆகியிருந்தது. நடந்து வந்தவர்களின் காலில் கொப்புளம் ஆறியிருக்காது. அன்று மாலை 6.04க்கு சந்திரயான்-3இன் இறங்குகலமான விக்ரம், பிரக்யானைச் சுமந்துகொண்டு நிலவில் இறங்கியபோது எங்கள் லயத்து வாசலில் ஒரே ஒரு போனைச் சுற்றிப் பதினைந்து பேர் நின்றோம். சிக்னல் விட்டு விட்டு வந்தது. “எறங்கிருச்சா, எறங்கிருச்சா” என்று பின்னாலிருந்து ஒரு பாட்டி கேட்டுக்கொண்டே இருந்தார். இறங்கிவிட்டது என்று சொன்னதும் கையெடுத்துக் கும்பிட்டார். அடுத்த நாள் பிரக்யான் சரிவுப் பலகையில் உருண்டு நிலவின் மண்ணைத் தொட்டது. அந்த வண்டியைத்தான் நீங்கள் தோற்றவன் பக்கத்தில் ஒட்டியிருக்கிறீர்கள்.

பிரக்யானின் எடை 26 கிலோ, ஒரு சீமெந்து மூட்டையில் பாதி. ஆறு சக்கரம். சூரியத் தகட்டிலிருந்து கிடைப்பது 50 வாட் மின்சாரம். பழைய குண்டு பல்ப் ஒன்றைக்கூட அது முழுசாக எரிய வைக்காது. வேகம் நொடிக்கு 1 சென்டிமீட்டர். பூமியோடு நேராகப் பேச அதற்கு வழி இல்லை. விக்ரமிடம் சொல்லும், விக்ரம் நமக்குச் சொல்லும். நிலவில் ஒரு பகல் நமக்குப் பதினான்கு நாள், ஓர் இரவும் அவ்வளவே. அந்த ஒரு பகலுக்கென்றுதான் அதைச் செய்தார்கள். ஓடிய நாட்களை எண்ணுமுன் எத்தனை நாளுக்குச் செய்தார்கள் என்று கேட்க வேண்டும். ஒரு இயந்திரத்தின் ஆயுள் முதலில் வரைபடத் தாளில் எடுக்கும் ஒரு முடிவு. உங்கள் சுவர்த்தாளில் இல்லாமற்போனது அந்த முடிவுதான்.

ஏன் ஒரு பகல் மட்டும்? விக்ரம் இறங்கிய இடம் நிலவின் தெற்கே 69 பாகை அட்சத்தில் இருக்கிறது. இரவு வந்தால் குளிர் பூச்சியத்துக்குக் கீழே 120 பாகைக்கும் கீழே போகும். விக்ரம் மண்ணில் செருகிய வெப்பமானி சொன்ன கதையைக் கேளுங்கள்: நல்ல பகலில் மேல்மண் 50 பாகைக்கும் மேலே கொதிக்கிறது, அதற்கு 8 சென்டிமீட்டர் கீழே பூச்சியத்துக்குக் கீழே 10. ஒரு சாண் கூட இல்லாத ஆழத்தில் இவ்வளவு வித்தியாசம். அப்படிப்பட்ட இடத்தில் பதினான்கு நாள் இரவைத் தாண்ட வேண்டுமானால் உள்ளே கணப்பு வேண்டும். கோழிக்குஞ்சுப் பெட்டிக்குள் பல்ப் தொங்கவிடுகிறோமே, அதே வேலைதான். அங்கே பல்புக்குப் பதில் தானாகவே சூடு விடும் கதிரியக்கப் பொருள். 1970இல் நிலவில் இறங்கிய ரஷ்யர்களின் லூனோகோட் பொலோனியத்தை வைத்துச் சூடேற்றிக்கொண்டு பத்து மாதம் ஓடியது. சீனாவின் யூடு-2 புளூட்டோனியக் கணப்போடு 2019இல் நிலவின் மறுபக்கத்தில் இறங்கியது. மூன்று மாதத்துக்கென்று செய்த அந்த வண்டி வருடக்கணக்கில் ஓடியது.

இந்திய விண்வெளி நிறுவனமான இஸ்ரோவும் அப்படியொரு கணப்பை வைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். 2019 செப்டெம்பரில் சந்திரயான்-2இன் விக்ரம் கடைசி நிமிடங்களில் கட்டுப்பாடு இழந்து விழுந்தது. அதற்குள்ளும் ஒரு பிரக்யான் இருந்தது, அது ஒரு அடி கூட உருளவில்லை. ஆகவே அடுத்த முறை முதல் வேலை முழுசாக இறங்குவது. நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் மோதினால் தாங்கும் கால்களை 3 மீட்டருக்குத் தாங்குவதாக மாற்றினார்கள். எரிபொருளைக் கூட்டினார்கள். இறங்கும் இடத்தை 500 மீட்டர் சதுரத்திலிருந்து 4 கிலோமீட்டர் நீளத்துக்கு அகட்டினார்கள். எது எது பிழையாகலாம் என்று பட்டியல் போட்டு, ஒவ்வொன்றும் பிழையானாலும் இறங்கும்படி செய்தார்கள். கிலோ கிலோவாக எடை அங்கேதான் போனது. கையிலிருக்கும் எடையை எங்கே செலவழிப்பது என்பதுதான் பொறியியலாளரின் முதல் கணக்கு. அவர்கள் அதைப் பத்திரமாக இறங்குவதில் செலவழித்தார்கள், இறங்கினார்கள்.

அந்தப் பத்து நாளில் வண்டி சும்மா நிற்கவில்லை. ஆகஸ்ட் 27 அன்று மூன்று மீட்டர் முன்னால் நான்கு மீட்டர் அகலக் குழி ஒன்றைக் கண்டு, வந்த தடத்திலேயே திரும்பி வேறு பக்கம் போனது. லேசர் அடித்து மண்ணில் கந்தகம் இருப்பதைக் கண்டுபிடித்தது. நூறு மீட்டர் ஓடியது. செப்டெம்பர் 2 அன்று பெட்டரியை நிரப்பி, இருபது நாள் கழித்துச் சூரியன் உதிக்கப்போகும் திசைக்குத் தகட்டைத் திருப்பி, காதை மட்டும் திறந்து வைத்துத் தூங்க விட்டார்கள். அந்தக் கடைசிப் படியை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது. மறுபடி விழிப்பது அரிது என்று தெரிந்தும் விடியும் திசைக்கே திருப்பி வைத்தார்கள். செப்டெம்பர் 22 அன்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். பதில் வரவில்லை. கொடுத்த வாக்கை அது ஏற்கனவே காப்பாற்றியிருந்தது.

இப்போது இடப்பக்கத்து வண்டிக்கு வருவோம்.

நம் லயங்களின் தகரக் கூரை பொழுது சாயும்போது டக், டக் என்று சத்தம் போடுமே, சின்ன வயதில் பேய் என்று பயந்திருப்பீர்கள். பகலெல்லாம் வெயிலில் விரிந்த தகரம் குளிரில் சுருங்குகிறது. வருடக்கணக்கில் இப்படி விரிந்து சுருங்கி ஆணி ஓட்டை பெருத்து, கடைசியில் ஒரு மழைக்கு ஒழுகத் தொடங்கும். செவ்வாயில் ஒரு வண்டியை மெல்ல மெல்லக் கொல்வதும் இதே டக் டக்தான். இரவில் பூச்சியத்துக்குக் கீழே 90 பாகை வரை குளிர், பகலில் வெயில். மின்சுற்றுப் பலகையில் சோல்டர் வைத்து ஒட்டிய ஒவ்வொரு மூட்டும் தினமும் விரியும், சுருங்கும். ஒரு நாள் வெடிக்கும். அதைத் தள்ளிப்போடத்தான் ஒப்பர்ச்சூனிட்டியின் மூளையையும் பெட்டரியையும் ஒரு கதகதப்பான பெட்டிக்குள் வைத்தார்கள். சுற்றிலும் ஏரோஜெல் என்ற, புகையை உறைய வைத்ததைப் போன்ற இலேசான காப்பு. உள்ளே தலா 1 வாட் சூடு விடும் எட்டுப் புளூட்டோனிய வில்லைகள்.

அந்த வண்டிக்குக் கொடுத்த வாக்கு செவ்வாயின் 90 நாள். தகட்டில் தூசு படிந்து அத்தோடு மின்சாரம் போய்விடும் என்று கணித்திருந்தார்கள். ஆனால் காற்று வந்து துடைத்துவிட்டுப் போனது. ரிவஸ்டன் மலையில் நிற்கவிடாமல் தள்ளும் காற்றை வைத்துக் கற்பனை பண்ணாதீர்கள். செவ்வாயின் காற்று நம் காற்றின் நூறில் ஒரு பங்கு அடர்த்திதான். ஆனாலும் தூசைத் தட்ட அது போதுமாயிருந்தது. அங்கே அதிர்ஷ்டமும் இருந்தது, அதை மறைக்க வேண்டாம். அதே கிரகத்தில் 2021இல் இறங்கிய சீனாவின் சூரொங் வண்டியும் 90 நாளுக்குச் செய்ததுதான். அதுவும் ஒரு வருடம் ஓடியது. பிறகு 2022 மே மாதம் குளிர்காலத்துக்குத் தூங்கப் போனது. தூசு மூடிக்கொண்டது, எழும்பவில்லை.

ஆனால் காற்று துடைத்தால் மட்டும் பதினான்கு வருடம் ஓடாது. மீதிக் காரணத்தை என் அப்பாவை வைத்துத்தான் எனக்குச் சொல்லத் தெரியும். அவர் மேலே ஒரு தோட்டத்து பெக்டரியில் பிட்டராக இருந்தார். கொழுந்து அரைக்கிற ரோலர்கள் அவர் பிறப்பதற்கு முன்பே வந்து இறங்கியவை. காலையில் பெல்ட் ஓடத் தொடங்கியதும் ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுப்பார். நுனியை பெயாரிங் மூடிமேல் வைத்து, பிடியைக் காதுக்குள் அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். நானும் ஒரு நாள் வைத்துப் பார்த்தேன். ஒன்றில் தேனீக்கூடு மாதிரி ஒரே சீரான இரைச்சல். பக்கத்து ரோலரில் அதே இரைச்சலுக்குள் மணலைப் பல்லில் கடித்தது போல ஒரு நறநறப்பு. “இது இன்னும் ரெண்டு மாசம் ஓடும், கிறீஸ் குடுத்து மெதுவா ஓட்டினா ஆறு மாசம்” என்றார். ஆறரை மாதம் ஓடியது.

ஒப்பர்ச்சூனிட்டியோடு பிறந்த இன்னொரு வண்டி ஸ்பிரிட். 2004இல் அதன் முன் வலது சக்கரத்தின் மோட்டார் வழமையை விட இரண்டு மூன்று மடங்கு மின்சாரத்தை இழுக்கத் தொடங்கியது. அதை ஓட்டியவர்கள் கலிபோர்னியாவில் ஜெட் உந்துகை ஆய்வகத்தில் உட்கார்ந்திருந்தார்கள். காதை வைத்துக் கேட்க முடியாது. மோட்டார் இழுக்கும் மின்சாரத்தின் எண்தான் அவர்களின் ஸ்க்ரூ டிரைவர். உள்ளே எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டது என்று கணித்தார்கள். சக்கரத்துக்கு ஓய்வு கொடுத்தார்கள், சூடேற்றினார்கள், வண்டியைப் பின்பக்கமாக ஓட்டி எண்ணெயைப் பரவவிட முயன்றார்கள். சக்கரம் இன்னும் இரண்டு வருடம் உழைத்தது. 2006 மார்ச்சில் நின்றேவிட்டது. அப்போதும் வண்டியைக் கைவிடவில்லை. மீதி ஐந்து சக்கரத்தில், செத்த சக்கரத்தை இழுத்துக்கொண்டு பின்பக்கமாகவே ஓட்டினார்கள். அந்தச் சக்கரம் கலப்பை போல மண்ணைக் கீறிக்கொண்டு போனது. 2007இல் அந்தக் கீறலின் அடியில் வெள்ளை வெளேரென்று ஒரு மண் தெரிந்தது. சோதித்துப் பார்த்தால் கிட்டத்தட்டச் சுத்தமான சிலிக்கா. சுடுநீர் ஊற்றோ நீராவியோ இருந்த இடத்தில்தான் அப்படிப் படியும். செவ்வாயில் ஒரு காலத்தில் சுடுநீர் இருந்ததற்கு நல்ல சான்றுகளில் ஒன்று, ஒரு பழுதான சக்கரம் தோண்டிக் கொடுத்தது.

இதைத்தான் நான் உங்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தப் பதினான்கு வருடத்தில் வடிவமைப்பின் பங்கு பாதி என்றால், தினமும் காலையில் வந்து எண்களைப் பார்த்து, நறநறப்பைக் கேட்டு, மெதுவாக ஓட்டிய ஆட்களின் பங்கு மறுபாதி. உங்களில் ஒருவருடைய அம்மா போன மாதம் என்னிடம் கேட்டார்: “சேர், இதப் படிச்சு கடைசியில கராஜ்ல பாஸ் வேலைதானே செய்யப்போறான்?” அந்த அம்மாவுக்கு அன்று சரியான பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். பழுது பார்ப்பது கீழான வேலை என்று யாரோ நமக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். செவ்வாய் வண்டிகளின் கதையை வாசித்தால், பக்கத்துக்குப் பக்கம் அந்த வேலைதான் இருக்கிறது.

உதிரிப்பாகம் கிடைக்காத இடத்தில் பழுது பார்ப்பது எப்படியென்று நாமும் கொஞ்சம் படித்தவர்கள். 2022ஐ நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் கரண்ட் இல்லை. டீசல் இல்லை, கடையில் சாமான் இல்லை. எங்கள் வீட்டில் பழைய லொறி பெட்டரி ஒன்று இருந்தது. அதை வைத்து ஒரு சின்ன லைட், இரண்டு போன். எதை எத்தனை மணிக்கு அணைப்பது என்று கொப்பியில் எழுதி வைத்தோம். ஒப்பர்ச்சூனிட்டிக்கும் இதே கணக்குத்தான். அதன் கையின் தோள்மூட்டில் ஒரு சூடேற்றி உண்டு. இறங்கிய நாளிலிருந்தே அதன் சுவிட்ச் பழுது, அணையவே அணையாது. இரவெல்லாம் பெட்டரியைக் குடித்துக்கொண்டிருந்தது. சுவிட்சை மாற்ற ஆள் அனுப்ப முடியுமா? ஆகவே இரவில் பெட்டரியின் இணைப்பையே துண்டித்து வண்டியை ஆழ்ந்து தூங்க வைத்தார்கள். காலையில் வெயில் தகட்டில் பட்டதும் அது தானாக விழித்துக்கொள்ளும். துண்டித்தால் குளிரில் ஒரு கருவி கெட்டுப்போகலாம் என்று தெரிந்தே அந்த முடிவை எடுத்தார்கள். பதினான்கு வருடமும் அந்தச் சுவிட்ச் பழுதாகவேதான் இருந்தது.

கியூரியோசிட்டியையும் பாருங்கள். 2012இல் இறங்கிய 899 கிலோ வண்டி. வெயிலை நம்பாமல் புளூட்டோனியச் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்கிறது. அதன் அலுமினியச் சக்கரத்தின் தோல் 0.75 மில்லிமீட்டர் தடிப்பு, பிஸ்கட் டின்னை விட மொத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடத்தில் கூரான கற்கள் அதில் ஓட்டை போட்டுவிட்டன. கற்கள் குறைந்த பாதையைத் தேடி ஓட்டினார்கள். 2017இல் ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் கல்லுக்கேற்ப மாற்றும் புதிய மென்பொருளை பூமியிலிருந்து அனுப்பினார்கள். 2016 டிசம்பரில் துளையிடும் கருவியின் மோட்டார் நின்றது. ஒன்றரை வருடம் பூமியில் அதே மாதிரி வண்டியில் பழகிப் பார்த்து, மோட்டாருக்குப் பதில் கையின் பலத்தாலேயே அழுத்தித் துளைபோடும் முறையை 2018இல் கண்டுபிடித்தார்கள். அடுத்த வண்டியான பெர்சவரன்ஸுக்குச் சக்கரத்தின் தோலை மொத்தமாக்கி, வரிகளை வளைத்து அனுப்பினார்கள். ஒரு வண்டியின் காயம் அடுத்த வண்டியின் வரைபடத்துக்குள் போய்விடுகிறது.

எச்சரிக்கையாக ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு நொடிக் கவனக்குறைவு எல்லாவற்றையும் முடித்துவிடும். லூனோகோட்-2 என்ற வண்டி 1973இல் நிலவில் 39 கிலோமீட்டர் ஓடியது. அதற்குப் பானை மூடி போல ஒரு மூடி. பகலில் திறந்தால் உள்ளே சூரியத் தகடு, இரவில் மூடினால் சூடு வெளியேறாது. ஒரு குழிக்குள் போனபோது திறந்திருந்த மூடி குழியின் ஓரத்தில் உரசி மண்ணை அள்ளிக்கொண்டது. அன்றிரவு மூடியபோது அந்த மண் உள்ளே கொட்டி, சூட்டை வெளியேற்றும் பகுதியை மூடிக்கொண்டது. அடுத்த பகலில் வண்டி வெந்து போனது. ஒரு கைப்பிடி மண் போதுமாயிருந்தது.

நீங்கள் சமூக ஊடகத்தில் பகிர்ந்த ஒப்பர்ச்சூனிட்டியின் ‘கடைசி வார்த்தை’யைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெட்டரி குறைகிறது, இருட்டுகிறது என்று வண்டி சொன்னதாக வரும் அந்த வாசகம், ஒரு செய்தியாளர் மனிதர் பேசும் மொழிக்கு மாற்றிச் சொன்னது. 2018 ஜூன் 10 அன்று வண்டி அனுப்பியது எண்கள். அன்றைக்குக் கிடைத்த மின்சாரம் 22 வாட்-மணி. சில நாட்களுக்கு முன் 645 ஆக இருந்தது. வானத்தின் தூசு அளவு 10.8, கிரகத்தையே மூடிய புயல். 22 வாட்-மணி என்றால் உங்கள் படிப்பு மேசை எல்.ஈ.டி பல்ப் இரண்டு மூன்று மணிநேரம் எரியும். எனக்கு அந்த எண்ணே போதும், அதற்கு மேல் கண்ணீருக்கு வாசகம் தேவையில்லை. எட்டு மாதம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு 2019 பெப்ரவரி 13 அன்று முடித்துக்கொண்டார்கள்.

இனி நமக்கு நெருக்கமான ஒன்று. பிரக்யான் ஓடிப் பழகிய மண் தமிழ்நாட்டு மண். நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலை ஊர்களில் அனோர்த்தோசைட் என்ற பாறை இருக்கிறது. நிலவின் மேட்டுநிலத்து மண்ணும் கிட்டத்தட்ட அதே வகை. அந்தப் பாறையை அரைத்து, நிலவு மண்ணின் துகள் அளவுக்குச் சலித்து, பெங்களூருக்கு டன் கணக்கில் கொண்டுபோய்ப் பரப்பினார்கள். சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியலாளர்களும் அதில் உழைத்தார்கள். நிலவு மண்ணைப் போன்ற மண்ணை வெளிநாட்டிலிருந்து வாங்கினால் என்ன விலை என்று யோசியுங்கள். ஊர்க் கல்லே போதும் என்று ஒருவர் கண்டு சொன்னார்.

சந்திரயான்-3இன் திட்ட இயக்குநர் ப. வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். அப்பா ரெயில்வே ஊழியர். ரெயில்வே பாடசாலையில் படித்துவிட்டு அவர் போனது பாலிடெக்னிக்குக்கு. டிப்ளோமா முடித்து, பிறகு பொறியியல், பிறகு சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம். நீங்கள் எல்லோரும் நிலவுக்கு வண்டி செய்யப் போவீர்கள் என்று நான் பொய் சொல்லமாட்டேன். கையில் எண்ணெய் பட்டுப் படிக்கும் படிப்பிலிருந்து அங்கே போக வழி இருந்தது, ஒருவர் போயிருக்கிறார் என்பதை மட்டும் அந்த அம்மாவுக்குச் சொல்லுங்கள். அடுத்து ஜப்பானோடு சேர்ந்து அனுப்பப்போகும் சந்திரயான்-5இல் போகும் வண்டி 250 கிலோ, பிரக்யானைப் போல பத்து மடங்கு. எடை கூடினால் என்னென்ன முடிவுகளை மாற்றலாம் என்று இப்போது உங்களால் கணிக்க முடியும்.

சுவர்த்தாளைக் கழற்ற வேண்டாம். ‘வென்றது யார்?’ என்பதை மட்டும் அடித்துவிட்டு, ஒவ்வொரு வண்டிக்கும் கீழே இரண்டு எண் எழுதுங்கள்: எத்தனை நாளுக்குச் செய்தது, எத்தனை நாள் ஓடியது. சோஜர்னரையும் சேருங்கள், 1997இல் ஏழு நாளுக்குச் செய்து 83 நாள் ஓடியது. இன்ஜெனுயிட்டி ஹெலிகொப்டரையும் சேருங்கள். ஐந்து முறை பறக்கச் செய்து 72 முறை பறந்தது.

அடுத்த சனிக்கிழமை காலை எட்டரைக்குத் தொழில்நுட்பக் கூடத்துக்கு வாருங்கள். பி.வி.சி. குழாய், ஆறு சக்கரம், இரண்டு பழைய மோட்டார் நான் கொண்டுவருகிறேன். பிரக்யானுக்கும் செவ்வாய் வண்டிகளுக்கும் ஒரே மாதிரியான கால்தான். ஸ்பிரிங் கிடையாது. ஒவ்வொரு பக்கமும் மூன்று சக்கரத்தை இரண்டு கைகள் தாங்கும். இரண்டு பக்கமும் நடுவில் ஒரு தண்டால் இணைந்திருப்பதால் ஒரு சக்கரம் கல்லில் ஏறினாலும் உடல் பாதிதான் சாயும், ஆறு சக்கரமும் தரையை விடாது. அதைச் செய்து பாடசாலைப் படிக்கட்டில் ஏற்றிப் பார்ப்போம். வரைபடம் கீறுமுன் தாளின் மேல் மூலையில் எத்தனை நாளுக்கு என்று எழுதிவிட்டுத்தான் பென்சிலைத் தொட வேண்டும். மதியத்துக்குப் பிறகு மேலே பெக்டரிக்குப் போவோம், அங்கே பொறுப்பாக இருக்கும் பெரியவரிடம் கேட்டு வைத்திருக்கிறேன். ரோலர் ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ளே போகலாம் என்றார். ஆளுக்கொரு நீளமான ஸ்க்ரூ டிரைவர் எடுத்து வாருங்கள், மரப்பிடி போட்டதாக.

அன்புடன்,
உங்கள் தொழில்நுட்ப ஆசிரியர்
இரத்தோட்டை